ஹப்புத்தளையில் ஒரு கிழமை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
21.01.1990

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் அற்புதராணிக்கு அப்பா எழுதுவது. நானும் கத்தரீனாவும் சுகம். நீயும் மருமகன் வின்சன்ற்றும் அந்தப் பண்டாரவளைக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று நம் ஊர்க் கோயில் யாகப்பரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

புரட்டாதியில் நடந்த எங்கள் கலியாணத்துக்கு நீ வராததைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. பாதை சரியில்லாத நேரம். அதுவும் கலியாணம் என்று சொல்லும்படியாகவா நடந்தது? காலைப் பூசை முடிய சுவாமி ஆசீர்வதித்தார். வீட்டில் இடியப்பம் சாப்பிட்டோம். பிறகு நான் வள்ளத்து எஞ்சினைத் திருத்தப் போய்விட்டேன். உன் அம்மா போய் மூன்று வருடத்துக்குப் பிறகு, ஐம்பத்தெட்டு வயதில், வேறெப்படிச் செய்வது.

இப்போது உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். சித்தப்பா கிறிஸ்துநாயகத்தின் குடும்பமும் எங்களோடுதான் இருக்கிறது, உனக்குத் தெரியும். நடுவில் ஒரு பலகை மறைப்பு மட்டும். நான் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணை, கொத்தமல்லி அவிக்கட்டோ?" என்று குரல் வருகிறது. போன கிழமை கிணற்றடியில் கத்தரீனா மெல்லச் சொன்னாள்: "கலியாணம் கட்டி நாலு மாசமாகுது. உங்களோடை இருந்து ஒரு அரை மணித்தியாலம் ஆறுதலாக் கதைக்கேல்லை."

பண்டத்தரிப்பில் தங்கைமாரை வளர்த்தே நாற்பத்தாறு வயதானவள். வாய் திறந்து எதையும் கேட்கிறவள் இல்லை. ஆகவே அவளை உங்கள் பக்கம் கூட்டிவந்து சின்ன மலையூர் ஒன்றில் ஒரு கிழமை அமைதியாக இருக்கலாமென்று நினைக்கிறேன். நுவரெலியா வேண்டாம். அங்கே கொழும்பு முதலாளிமார் தொப்பி போட்டுக்கொண்டு திரிவார்களாம். சனம் இல்லாத இடமாகப் பார்த்து எழுது. சித்திரை விடுமுறையில் வந்தால் உன்னையும் பார்க்கலாம்.

கருவாடு காய்ந்துவிட்டது. ஆள் கிடைத்ததும் அனுப்புவேன்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

அன்பு அப்பா,
செபநாயகம்


பண்டாரவளை,
18.02.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இருமல் எப்படி? கடற்காற்றில் வெறும் மேலோடு நிற்க வேண்டாம்.

பள்ளிக்கூட வேலையால் பதில் எழுதப் பிந்திவிட்டது. நீங்கள் கேட்டதை விசாரித்தேன். ஹப்புத்தளை உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். சின்ன ஊர். ஸ்ரேசனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு வயதான சிங்களப் பெண் தன் வீட்டில் இரண்டு அறைகளை வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார். சுத்தமான இடம். மழைமூட்டம் இல்லாத நாளில் மலை விளிம்பில் நின்றால் தெற்குக் கடல் ஒரு கோடு மாதிரித் தெரியும். எல்ல என்ற ஊரும் அழகுதான். ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம்.

சித்திரையில் வர வேண்டாம். புதுவருடத்துக்கு ரயிலில் கால் வைக்க இடம் இராது. எங்கள் வீட்டிலும் கூரைத் தகரம் மாற்றப்போகிறார்கள். வீடு ஒரே அறை. உங்களைத் தங்க வைக்க வசதியில்லை. ஆனியில் என்றால் நல்லது. உங்களோடு வருபவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா என்பதையும் யோசியுங்கள்.

கருவாடு அனுப்ப வேண்டாம். இந்தக் குளிருக்குள் அந்த மணம் வீட்டை விட்டுப் போகாது. முடிந்தால் தேசிக்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள்.

வின்சன்ற் தேயிலைத் தொழிற்சாலைக் கந்தோரில் நேரத்துக்கு வீடு வர முடியாமல் இருக்கிறார். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன் மகள்,
அற்புதராணி


குருநகர்,
11.03.1990

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு, தவசு காலத்தில் ஒரு நேரச் சாப்பாட்டோடு அப்பா எழுதுவது. இருமல் விட்டுவிட்டது. உங்கள் சுகத்தையும் எழுதவும்.

உன் கடிதத்தைக் கண்டதும் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஹப்புத்தளைதான். மலைக்குப் போயும் கடல் தெரியும் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும். பொல்காவலையில் இறங்கிப் பதுளை ரயில் பிடிக்க வேண்டுமென்று ஸ்ரேசனில் போய்க் கேட்டுவந்தேன். அதற்குள் கரையெல்லாம் கதை பரவிவிட்டது. சூசைதாசன் கிழிந்த வலை பொத்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி, "என்ன மாப்பிள்ளை, சீமைக்கோ பயணம்?" என்கிறான். ஓம் என்றேன்.

இந்தியன் ஆமியும் நாட்டை விட்டு வெளிக்கிடுகிறது. ஆனியில் பாதை நன்றாக இருக்குமென்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

உன் அம்மாவின் கம்பளிச் சால்வை பெட்டிக்குள் இருக்கிறது. குளிருக்கு எடுக்கும்படி கத்தரீனாவிடம் சொன்னேன். "மகளைக் கேளாமல் நான் தொடமாட்டன்" என்கிறாள். ஒரு வரி எழுதிவிடு.

ஊறுகாய் தந்தனுப்புகிறேன். கத்தரீனாவே போட்டது. உன் கடிதத்தை அவள் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளை கருவாடு வேண்டாம் எண்டு முந்தியும் சொல்லுறதோ?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து கருவாடு இல்லாமல் சோறு தின்னாத பிள்ளை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

தேவமாதா துணை நிற்பாராக.

அப்பா


பண்டாரவளை,
22.04.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

உயிர்த்த திருநாள் வாழ்த்துக்கள். நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊறுகாய் கிடைத்தது. நன்றி.

ஹப்புத்தளையில் ஆனி ஆறாம் திகதி தொடக்கம் ஒரு கிழமைக்கு அறை சொல்லியிருக்கிறேன். மலைப் பக்கத்து அறை. ஆனியில் காற்று மோசமாக அடிக்கும். நம் ஊர்ச் சோழகம் மாதிரித்தான். ஆனால் குளிர். நான் ஆனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டுமாம். வசதிப்பட்டால் வின்சன்ற் வந்து உங்களைப் பார்ப்பார். நீங்கள் இந்தப் பக்கம் வந்து அலைய வேண்டாம்.

சால்வையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கட்டும். அம்மாவுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் மடுத் திருநாளுக்கு அப்பால் அம்மா ஒரு ரயிலும் ஏறவில்லை.

மற்றும் விசேடமில்லை.

மகள்,
அற்புதராணி


குருநகர்,
13.05.1990

அன்புள்ள மகள் அற்புதராணிக்கு,

உமக்கும் வின்சன்ற் தம்பிக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம்.

எழுதுவது கத்தரீனா. உம்மை நான் கண்டதில்லை. உம்முடைய அப்பா பதில் எழுதாததால் நான் எழுதத் துணிந்தேன். உம்முடைய கடிதத்தை அவர் வாசலில் நின்றே வாசித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். வந்து, "பயணம் வேண்டாம், விடும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. சாப்பாடும் குறைவு. கடிதத்தை எனக்குக் காட்டவில்லை. உடுப்புத் தோய்க்கும்போது பைக்குள் கண்டு வாசித்தேன். அதற்கு மன்னியும். சால்வையை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

உம்மை ஒன்று கேட்கிறேன். தவறென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடும். என் தங்கைமார் ஐந்து பேருக்கும் பிள்ளைப்பேற்றின்போது கூட நின்றவள் நான். குருநகர்ப் பிள்ளைக்கு மீன் மணம் ஆகவில்லை. தேசிக்காய் ஊறுகாய் கேட்கிறது. ஆனியிலிருந்து லீவு. பிள்ளை, உமக்கு எத்தனை மாதம்?

அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் நீர். ஆம்பிளைகள் கடிதத்தை வாசித்தால் எழுத்தை மட்டும்தான் வாசிப்பார்கள்.

உம்முடைய அம்மாவின் இடத்துக்கு வர எனக்கு ஆசையில்லை. அது எப்போதும் அவருடையது. ஆனால் நேரத்துக்கு வெந்நீர் வைக்கவும் கால் பிடித்துவிடவும் ஓர் ஆள் வேண்டும். வேண்டாமென்றால் வேண்டாமென்று எழுதும். ஹப்புத்தளையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுவேன்.

உமக்காகச் செபிக்கும்,
கத்தரீனா


பண்டாரவளை,
22.05.1990

மதிப்புக்குரிய கத்தரீனா அவர்களுக்கு,

நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தை முதலில் கிழிக்கத்தான் நினைத்தேன்.

ஆறு மாதம் முடிகிறது. இது மூன்றாவது. முந்திய இரண்டும் நாங்கள் குருநகரில் இருந்த காலத்தில், நாலாம் மாதத்துக்குள் போய்விட்டன. இரண்டு முறையும் அம்மாவின் மடியில் கிடந்துதான் அழுதேன். இம்முறை மடி இல்லை. வெளியே சொன்னால் இதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் வின்சன்ற்றைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. பிரசர் கூடுகிறது, படி ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்கிறார். கால் இரண்டும் வீங்குகின்றன. வின்சன்ற் வேலைக்குப் போனால் நான் தனியேதான்.

உங்களை ஹப்புத்தளைப் பக்கம் திருப்பிவிட்டது இதனால்தான். இதனால் மட்டுமல்ல. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாவுக்கு நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. ஆனால் எழுதியது பொய்யில்லை.

அறையை நான் விடவில்லை. சொன்னபடியே வாருங்கள். முதலில் இரண்டு நாள் நீங்கள் இருவரும் இருந்துவிட்டு, பிறகு இங்கே வாருங்கள். அப்பாவுக்கு நேரில் சொல்கிறேன். கடிதத்தில் சொன்னால் நடந்தே வந்துவிடுவார்.

இப்படிக்கு,
அற்புதராணி


குருநகர்,
31.05.1990

சேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. சுகம். உங்கள் சுகத்தைக் கண்ணால் கண்டு அறிய வருகிறேன்.

நான் பயணத்தை விட்டுவிட்டேன். ஆனால் கத்தரீனா போகத்தான் வேண்டும் என்கிறாள். இதுவரை ஒன்றிலும் அடம்பிடிக்காதவள் இதில் மட்டும் பிடித்த பிடியை விடுகிறாளில்லை. செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுகிறோம். பெட்டியில் அவள் கட்டுகிற சாமானைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழைய வேட்டித் துணி, நல்லெண்ணெய்ப் போத்தல், மிளகு, ஒரு பை நிறைய உள்ளிப்பூடு. "மலையிலை உள்ளி இல்லையோ?" என்று கேட்டேன். "நல்ல உள்ளி இல்லை" என்றாள்.

நீ எழுதியதற்குக் கடிதத்தில் பதில் எழுத எனக்கு வராது. வந்து உன் முன்னால் இருக்கிறேன். என்ன கேட்க வேண்டுமோ கேள்.

சித்தப்பா வீட்டையும் வள்ளத்தையும் பார்த்துக்கொள்கிறார். யாகப்பர் திருநாளுக்கு முன் திரும்பிவிட வேண்டும்.

கர்த்தர் உன்னோடிருப்பாராக.

அப்பா


ஹப்புத்தளை,
12.06.1990

என் அன்பு கத்தரீனாவுக்கு,

நான் சுகம். நீரும் மகளும் மருமகனும் சுகமா?

உமக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் இரண்டு தாளைப் பழுதாக்கிவிட்டேன். தேனிலவுக்கு வந்தவன் மலையைப் பார்த்துக்கொண்டு தனியே தேத்தண்ணி குடிக்கிறேன். வீட்டுக்காரக் கிழவி காலையும் மாலையும், "நோனா கோ?" என்று உம்மை எங்கே எனக் கேட்கிறார். பண்டாரவளைப் பக்கம் கையைக் காட்டினேன். நாம் சண்டை பிடித்துப் பிரிந்துவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, இரவுச் சாப்பாட்டில் ஒரு முட்டை கூட வைத்தார்.

சனிக்கிழமை மகள் கதவைத் திறந்ததும் எனக்கு வாசற்படியில் கால் நின்றுவிட்டது. அவளும் நீரும் ஒருவரையொருவர் பார்த்த விதத்தில், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று விளங்கியது. உள்ளி எதற்கென்றும் விளங்கியது. கோபம் வரவில்லை. அவள் அழுதாள், நானும் அழுதேன், அவ்வளவுதான். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

"ஆம்பிளையள் நிண்டு என்ன செய்யிறது, நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்" என்று நீர் என்னை அனுப்பியது சரிதான். ஆனால் இங்கே என்னால் இருக்க முடியவில்லை. ரேடியோவில் மட்டக்களப்புப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டதென்று சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்து ரயில் இனி ஓடுமோ தெரியாது. தம்பி கிறிஸ்துநாயகத்தை நினைக்கிறேன். வள்ளத்தை நினைக்கிறேன். சொல்ல ஆளில்லை. குருநகரில் பலகைக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்ததைப் போன கிழமைவரை குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரச் சொன்னால் உடனே வருவேன்.

உம்முடைய,
செபநாயகம்


பண்டாரவளை,
14.06.1990

அன்புள்ள உங்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் எல்லாரும் சுகம். நீங்கள் வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடிக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன், தொடக்கத்தை விட்டுவிட்டு. முட்டைக் கதைக்குச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தரம். கால் வீக்கம் வற்றுகிறது. உப்பைக் குறைத்துவிட்டேன். நேற்று அவளுடைய தலையை இழுத்துப் பின்னிவிட்டேன். பின்னிக்கொண்டிருக்கும்போது அழுதாள். பின்னி முடித்து ரிபன் கட்டினேன்.

யாழ்ப்பாணத்துக்கு ரயில் இல்லையென்று வின்சன்ற் தம்பி செய்தி கொண்டுவந்தார். இப்போதைக்குப் போக முடியாது. கிழமையும் முடிந்துவிட்டது, நீங்கள் அங்கே தனியே இருந்து யோசிக்க வேண்டாம். வாருங்கள். தம்பி குசினியில் பாய் போட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். நீங்களும் அவரோடு படுக்கலாம்.

நாம் தவறவிட்ட நாட்களைப் பிறகொரு முறை பார்ப்போம். மலை எங்கே போகப்போகிறது.

கத்தரீனா


பண்டாரவளை,
20.10.1990

அன்புள்ள அப்பாவுக்கும் சின்னம்மாவுக்கும்,

நாங்கள் மூன்று பேரும் சுகம். ஹப்புத்தளையில் மழை எப்படி? இரவில் அடுப்புக் கரி கேட்டு வாங்கி அறைக்குள் வையுங்கள். கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்.

நீங்கள் போய் ஒரு நாள்தான் ஆகிறது. அதற்குள் எழுதுகிறேன் என்று சிரிக்க வேண்டாம். வீட்டில் நாலு மாதமாக ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது எட்டுக் காலடி வைக்க இடம் கிடைத்திருக்கிறது. அது பிடிக்கவில்லை. பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறாள். சின்னம்மா தாலாட்டும் நேரத்துக்கு மட்டும் கதவைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள்.

அப்பா, சித்தப்பாவின் கடிதம் செஞ்சிலுவைக் கப்பலில் வந்ததிலிருந்து நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வீட்டின் கடல் பக்கச் சுவர் விழுந்துவிட்டது, வள்ளம் இல்லை, அவர்கள் உரும்பிராயில் பள்ளிக்கூடமொன்றில் இருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டுச் சந்திக்குப் போய் நின்றீர்கள். திரும்பி வந்து பிள்ளையின் துணியைத் தோய்த்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க எங்களால் முடியவில்லை. அதனால்தான் அறை சொல்லி உங்களை அனுப்பினேன். முதல் முறை அந்த ஊரை உங்களுக்கு ஏன் சொன்னேன் என்று தெரியும். இம்முறை அதற்காக இல்லை.

சின்னம்மா, நேரில் சொல்ல வராததை எழுதுகிறேன். ஆவணியில் அந்தக் காலை வின்சன்ற் கார் பிடிக்க ஓடினார். பிள்ளை அவர் வருமுன் வந்துவிட்டாள். அழவில்லை. நீங்கள் அவளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிக்கொண்டே என்னிடம், "அங்கை பாராதை. என்னைப் பார். நீ என்னை மட்டும் பார்" என்று சொன்னீர்கள். அதுவரை என்னை நீர் என்றுதான் சொல்லியிருந்தீர்கள். பிறகு அவள் அழுதாள். நான் எதற்கு அழுதேன் என்று எனக்கே தெரியாது.

ஒரு கிழமை முடியாமல் வரக்கூடாது. சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு மகள்,
ராணி


ஹப்புத்தளை,
22.10.1990

அன்பு மகளுக்குச் சின்னம்மா எழுதுவது. இரண்டு பேரும் நலம். பிள்ளைக்கு வயிற்றில் காற்று நின்றால் ஓமத்தண்ணி இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

மழைதான். மலையும் இல்லை, கடலும் இல்லை, முற்றத்துக்கு அப்பால் எல்லாம் வெள்ளை. அறைக்குள் இருந்து கதைத்தோம். ஆனியில் கிடைத்த இரண்டு நாளும் உன் யோசனையிலேயே போய்விட்டது. இம்முறை என் அரை மணித்தியாலம் கிடைத்தபோது உன் அம்மாவைப் பற்றித்தான் நான் கேட்டேன். உன் அப்பா பொழுது படுமட்டும் சொன்னார். பூசையில் சிரிப்பு வந்தால் உன் அம்மா முக்காட்டைக் கடித்துக்கொள்வாராம். வலை பொத்துவதில் இவரை வென்றுவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவாராம். சொல்லச் சொல்ல அவருக்குக் குரல் தெளிந்தது. அக்காவை எனக்கும் பிடித்துப்போயிற்று.

அழுதாரா என்று கேட்பாய். ஓம், கொஞ்சம். வள்ளத்துக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

இன்று காலை கண் விழித்துப் பார்த்தால் மனுசன் பெட்டி கட்டுகிறார்.

"என்ன செய்யிறியள்?" என்றேன்.

"போதும். வீட்டை போவம்."

இந்த மழைக்குள் ஓமந்தை தாண்டி யாழ்ப்பாணத்துக்கு நடந்து போகிற யோசனை ஏதும் வந்துவிட்டதோ என்று பயந்துபோனேன். பக்கத்தில் போய் இருந்து, "இஞ்சேருங்கோ, அங்கை இப்ப எப்பிடிப் போறது? பாதையும் இல்லை, வீடும் அந்த நிலை" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எங்கை? குருநகருக்கோ? நான் அதைச் சொல்லேல்லை. பிள்ளை இப்ப எழும்பியிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டது மாதிரி, சட்டையைக் கையில் பிடித்தபடி கட்டிலில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். வெளியே மழை விட்டு, தாழ்வாரத்தில் கிழவி தேத்தண்ணிக் கோப்பைகளை வைக்கும் சத்தம் கேட்டது.

அவர் வெளியே போனதும் பெட்டியை அவிழ்த்து உடுப்பைத் திரும்பக் கொடியில் போட்டேன். உன் ஒரு கிழமையை நாங்கள் முடிக்கப்போவதில்லை. ஆனால் நாளை ஒரு நாளை நான் ஒருவருக்கும் கொடுக்கப்போவதும் இல்லை. வெயில் வந்தாலும் மழை வந்தாலும் அவரோடு ரயில் பாதை ஓரமாக நடக்கப்போகிறேன்.

மறுநாள் பகல் ரயிலில் வீட்டுக்கு வருகிறோம். எங்களுக்கும் சேர்த்துச் சோறு போடு.

பிள்ளைக்கு எங்கள் முத்தம். தேவமாதா உங்கள் மூவரையும் அணைத்துக்கொள்வாராக.

சின்னம்மா